வாசகர் கேள்வி: பூஜைக்குத் துடைத்த வண்டி புறப்பட மறுக்கிறது

கேள்வி: என்னுடையது கார்புரேட்டர் உள்ள 100 சிசி மோட்டார் சைக்கிள், வாங்கி 13 ஆண்டுகள் ஆகின்றன. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் வீட்டு முற்றத்தில் நானே அதைக் கழுவி, பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, ஏர் ஃபில்டரின் ஸ்பாஞ்சைப் பெட்ரோலில் அலசி மாட்டினேன். பிறகு சோக்கை இழுத்து வைத்துக்கொண்டு 50 முறைக்கு மேல் கிக்கரை மிதித்தும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரே ஒருமுறை சைலன்சரில் ‘பட்’டென்று வெடித்தது, பெட்ரோல் வாடையோ குப்பென்று அடிக்கிறது. கார்புரேட்டரை மட்டும்தான் நான் தொடவில்லை. அதையும் கழற்றிச் சுத்தம் செய்து பார்க்கட்டுமா?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: தயவுசெய்து கழற்ற வேண்டாம். முந்தைய நாள் வரை ஒழுங்காக ஓடிய வண்டி மறுநாள் நின்றுபோனால், இடைப்பட்ட நேரத்தில் நம் கை எங்கெல்லாம் பட்டதோ அங்கேதான் முதலில் தேட வேண்டும். தாங்கள் தொடாத கார்புரேட்டரை இப்போது பிரித்தால், ஒரு கோளாறு இரண்டாகி, எது பழையது எது புதியது என்று மெக்கானிக்கே குழம்பும் நிலை வரும்.

தங்கள் கடிதத்திலேயே விடை பெருமளவு இருக்கிறது. பெட்ரோல் வாடை பலமாக அடிப்பதால் எரிபொருள் வந்துகொண்டுதான் இருக்கிறது. சைலன்சரில் வெடித்ததால் பிளக்கில் ஒருமுறையேனும் கரண்ட் வந்திருக்கிறது. குறைவது காற்றுதான். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். தாங்களோ பெட்ரோலில் நனைந்த ஸ்பாஞ்சைக் காயவிடாமல் மாட்டிவிட்டு, போதாக்குறைக்குக் காற்றின் வழியை அடைக்கும் சோக்கையும் இழுத்து வைத்து 50 முறை மிதித்திருக்கிறீர்கள். நம் ஊர் அக்டோபர் வெயிலில் பழைய வண்டிக்கும் சோக் அநேகமாகத் தேவைப்படாது. சிலிண்டருக்குள் பெட்ரோல் நிறைந்து, பிளக்கின் முனை நனைந்து, பொறி பாய வேண்டிய இடைவெளியில் பாயாமல் ஈரத்தின் வழியே கசிந்துவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் இதைத்தான் ‘பெட்ரோல் ஓவராகிவிட்டது’ என்பார்கள்.

முதலில் பெட்ரோல் காக்கை (டேங்கின் கீழே பெட்ரோலைத் திறந்து மூடும் திருகை) மூடி, சோக்கைப் பழைய நிலைக்குத் தள்ளி, ஸ்பாஞ்சை வெளியே எடுங்கள். அதை மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் நன்றாகக் காயவைத்து, வண்டியின் கையேடு சொல்லும் எண்ணெயைச் சிறிது தடவி, மிகுதியை மீண்டும் பிழிந்த பிறகே மாட்ட வேண்டும். பெட்ரோலில் அலசுவது தீ விபத்துக்கு அழைப்பு விடுப்பதாகும். (அலசிய அழுக்கு மண்ணெண்ணெயைக் கன்னடியன் கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள், வயலுக்குப் போகிற தண்ணீர் அது.) பிற்கால வண்டிகளில் வரும் காகித ஃபில்டரை அலசவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

ஸ்பாஞ்ச் காயும் நேரத்தில், சாவியை அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் திருகிப் பிடித்துக்கொண்டு 10, 15 முறை கிக்கரை மிதியுங்கள். தேங்கிய பெட்ரோல் பிளக் துளை வழியே ஆவியாகவும் துளியாகவும் வெளியேறும். அப்போது அருகில் பீடியோ விளக்கோ இருக்கக் கூடாது. பிளக்கை அடுப்பில் காட்டி உலர்த்தும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அது வேண்டாம்; துணியால் துடைத்துக் கால்மணி நேரம் வெயிலில் வைத்தாலே போதும்.

உப்புத்தாள் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் மணல் பிளக்கின் பீங்கானுக்கும் உலோகத்துக்கும் இடையே சிக்கிக்கொள்ளும். தேய்த்த வேகத்தில் முனைகளின் இடைவெளியும் மாறியிருக்கக்கூடும். பல வண்டிகளில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த இடைவெளியைக் கண்ணால் மதிப்பிட முடியாது என்பதால், கையேட்டில் உள்ள அளவுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிபாருங்கள். என்னைக் கேட்டால், 13 ஆண்டு வண்டிக்குப் புதிய பிளக் ஒன்றை வாங்கிப் போடுவதே மேல். கழுவியபோது பிளக் கேப்புக்குள் தண்ணீர் போயிருக்கலாம். அதையும் உலர்த்தி, ‘டக்’கென்று உட்காரும்வரை அழுத்திப் பொருத்துங்கள்.

எல்லாவற்றையும் மாட்டிய பின் பெட்ரோல் காக்கைத் திறந்து, சோக் இல்லாமல், ஆக்சிலேட்டரைக் கால்பங்கு திருகி மிதித்தால் பெரும்பாலும் புறப்பட்டுவிடும். இரண்டொரு நிமிடம் கரும்புகை வந்தால் அஞ்ச வேண்டாம். ஆனால் வண்டியை ஓட்டிச் செல்லும் முன் எஞ்சின் ஆயிலைப் பார்த்துவிடுங்கள். மட்டம் உயர்ந்து பெட்ரோல் வாடை அடித்தால், சிலிண்டரில் தேங்கியது ஆயிலில் இறங்கிவிட்டது என்று பொருள். அந்த ஆயிலுக்கு வழுக்கும் தன்மை குறைந்திருக்கும், உடனே மாற்றிவிட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் கார்புரேட்டரின் கீழ்க்குழாயில் பெட்ரோல் சொட்டுமானால் மட்டும், உள்ளே பெட்ரோல் வரவை நிறுத்தும் மிதவையின் ஊசி சிக்கியிருக்கிறது என்று கொண்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் பி.எஸ்.6 (புகை மாசு விதி) மோட்டார் சைக்கிளின் பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டி மீண்டும் மாட்டினேன். விளக்கு எரிகிறது, செல்ஃப் மட்டும் ‘டிக்’கென்று நின்றுவிடுகிறது. பேட்டரி போய்விட்டதா?
– வாசகர், திசையன்விளை

பதில்: உடனே புதிய பேட்டரிக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டாம். விளக்குக்குச் சிறிதளவு மின்சாரம் போதும். செல்ஃப் மோட்டாருக்கோ அதைப் போலப் பல மடங்கு தேவை. முனையின் திருகு சற்றுத் தளர்ந்திருந்தாலும் விளக்கு எரியும், மோட்டார் சுற்றாது. எனவே முனைகளைக் கழற்றிப் பளபளப்பாகத் தேய்த்து இறுக்குங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது முதலில் பிளஸ். கடற்காற்று வீசும் தங்கள் பகுதியில் பச்சை மீண்டும் பூக்கும் என்பதால், இறுக்கிய பின் வாசலின் தடவுவது நல்லது. மோட்டார் சுற்றியும் எஞ்சின் பற்றாவிட்டால், சாவியைத் திருப்பியதும் டேங்கிலிருந்து ஓரிரு விநாடிகள் பெட்ரோல் பம்பின் மெல்லிய இரைச்சல் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்காவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.