கொக்கி போட்ட பூந்தண்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏற்காட்டில் 10 சென்ட்டில் கிளாடியோலஸ் போட்டிருக்கிறோம். வெட்டும்போது நேராக இருக்கிற தண்டு, சேலம் பூ மார்க்கெட்டில் இறக்கும்போது நுனி கொக்கி மாதிரி வளைந்து கிடக்கிறது. வாட்டமும் இல்லை, நோயும் தெரியவில்லை. என்ன கோளாறு?

பதில்: செடியில் கோளாறு இல்லை, அனுப்பும் முறையில்தான். பெட்டியில் படுக்கப் போட்டு அனுப்புகிறீர்கள் போலிருக்கிறது. வெட்டிய பிறகும் இந்தத் தண்டின் நுனி வளர்ந்துகொண்டே இருக்கும். படுக்க வைத்தால் தரையைப் பார்த்த பக்கம் வேகமாக நீளும், நுனி வானத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். வளைந்தது பழையபடி நேராவது அரிது.

பத்துப் பத்தாகத் தளர்வாகக் கட்டி, வாளியில் நிறுத்தியே அனுப்புங்கள். நான்கு விரற்கடைத் தண்ணீர் போதும். வாளி நிறைய ஊற்றினால் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவில் பாதி வண்டியில்தான் இருக்கும். வாளிகளைக் கிரேட்டுக்குள் இறக்கி, கிரேட்டை வண்டியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

வெட்டும் பதமும் முக்கியம். அடியிலுள்ள ஒன்றிரண்டு மொட்டு நிறம் காட்டியதும், விடிகாலையில் வெட்ட வேண்டும். முழுப் பச்சையாக வெட்டினால் மேல் மொட்டுகள் விரியாது. பூத்தபின் வெட்டினால் இதழ் வழியிலேயே கசங்கும். நீளத் தண்டுக்கு விலை கூடுதல் என்று தரையோடு அறுப்பவர்கள் உண்டு. அது அடுத்த பட்டத்தின் கிழங்கை இப்போதே விற்பதுதான். செடியில் குறைந்தது 4 இலையை விட்டுத்தான் வெட்ட வேண்டும், புதுக்கிழங்கு அந்த இலைகளை நம்பித்தான் பருக்கிறது.

கேள்வி: கிளாடியோலஸ் பூ முடிந்து தோண்டிய கிழங்கை உடனே நட்டோம். முளைக்கவே இல்லையே?

பதில்: உறங்குகிறது. தோண்டியபின் சுமார் 3 மாதம் ஓய்வு வேண்டும். வெட்டி முடிந்து 6 முதல் 8 வாரத்தில் இலை பழுக்கும், அப்போது தோண்டுங்கள். நிழலில் 2 வாரம் உலர்த்தி, அடியில் ஒட்டியிருக்கும் சுருங்கிய பழைய கிழங்கைப் பிய்த்தெறியுங்கள். அழுத்தினால் அமுங்குவதையும் பழுப்புப் புள்ளி விழுந்ததையும் சேர்த்து வைக்காதீர்கள், ஒன்று அழுகினால் தட்டே போய்விடும். மீதியை லிட்டருக்கு 2 கிராம் கார்பன்டாசிம் பூஞ்சைக்கொல்லி கலந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, மறுபடி உலர்த்தி, காற்றோட்டமான தட்டில் பரப்புங்கள்.

நடுவதற்கு 4 செ.மீ. குறுக்களவுக்குக் குறையாத கிழங்காகப் பொறுக்குங்கள். 30க்கு 20 செ.மீ. இடைவெளியில் சென்ட்டுக்கு 650 கிழங்கு பிடிக்கும், நடைவழி விட்டால் இன்னும் குறையும். மொத்தத்தையும் ஒரே நாளில் நட்டுவிடாமல் 15 நாள் இடைவெளியில் மூன்று தடவையாக நட்டால் வெட்டும் தள்ளித் தள்ளி வரும். குட்டிக்கிழங்குகளைத் தனிப் பாத்தியில் வளர்த்துப் பருக்கவிடுங்கள், முதல் பட்டத்தில் அவற்றிடம் பூ எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஓமலூர் பக்கம் சம்பங்கி போடப்போகிறோம். இரட்டை அடுக்கு ரகம் போட்டு, தண்டு விலை போகாத நாளில் உதிரியாக விற்கலாமா?

பதில்: வேண்டாம். இரட்டை அடுக்கில் வாசனை குறைவு, மாலை கட்டுபவர்கள் கேட்பது ஒற்றை அடுக்கைத்தான். இரண்டு வழிக்கும் ஒரே ரகம் என்றால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'பிரஜ்வல்' பொருத்தம். 45க்கு 20 செ.மீ. இடைவெளியில் 20 சென்ட்டுக்கு ஏறத்தாழ 9,000 கிழங்கு வேண்டும்.

கேள்வி: சாமந்தியில் நுனி எப்போது கிள்ளுவது?

பதில்: நட்ட 4ஆம் வாரம். தண்டுக்கு ஒரே பெரிய பூ வேண்டுமென்றால் நுனியை விட்டுவிட்டுப் பக்க மொட்டுகளைக் கிள்ளுங்கள்.