கோதுமை பீரில் கொத்தமல்லி எவ்வளவு?

கேள்வி (டொரோண்டோ வாசகர்): கடையில் கிடைக்கும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்று டப்பாவை வைத்து ஆறேழு முறை வீட்டில் பீர் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை தானியத்திலிருந்தே தொடங்கி, ஹூகார்டன் மாதிரி பெல்ஜியக் கோதுமை பீர் 20 லிட்டர் செய்ய ஆசை. என் கணக்கு: பில்ஸ்னர் மால்ட் (வெளிறிய பார்லி மால்ட்) 2 கிலோ, கோதுமை மால்ட் 2 கிலோ, கேரமல் மால்ட் அரைக் கிலோ, கொத்தமல்லி விதை 50 கிராம், கொஞ்சம் ஏலக்காய். சரியா?

பதில்: பாதி சரி. முதல் வேலையாகக் கேரமல் மால்ட்டைத் தூக்கிப் போடுங்கள், வைக்கோல் நிறத்தில் வெளிறிக் கலங்கலாக இருக்க வேண்டிய பீர் அது சேர்ந்தால் பழுப்பாகிவிடும், குடித்து முடித்த பிறகும் நாக்கில் தித்திப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது கோதுமை மால்ட். இதில்தான் நிறைய பேர் ஜெர்மன் பீரையும் பெல்ஜிய பீரையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஜெர்மன்காரர் போடுவது முளைகட்டிய கோதுமை, பெல்ஜியத்தில் போடுவது முளைகட்டாத கோதுமை. ஹூகார்டன் என்பதே ஓர் ஊர்ப் பெயர்தான். அங்கே இந்த பீர் வடித்த கடைசி ஆலையும் 1950களில் மூடிப்போக, சிறுவயதில் அந்த ஆலையில் கூடமாட வேலை செய்த பியர் செலிஸ் என்ற பால்காரர் 1966இல் திரும்பக் காய்ச்ச ஆரம்பித்தார். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி முளைகட்டாத கோதுமை என்பதுதான் இந்த பீருக்கு அஸ்திவாரம். அந்தப் பச்சை மாவு ருசியும் கலங்கலும் அதிலிருந்து வருபவை.

என் கணக்கைச் சொல்கிறேன். பில்ஸ்னர் மால்ட் 2.3 கிலோ, கோதுமை அவல் 2 கிலோ, ஓட்ஸ் அவல் கால் கிலோ. முளைகட்டாத தானியத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கத் தேவையான நொதிகள் போதாது, ஆனால் பில்ஸ்னர் மால்ட்டில் இருப்பது இரண்டு பேருக்கும் தாங்கும், பயப்பட வேண்டாம். சுமார் 13.5 லிட்டர் வெந்நீரில் எல்லாவற்றையும் போட்டு 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊற வைத்து, இன்னொரு 15 லிட்டர் ஊற்றி அலசி வடித்தால், கொதித்துச் சுண்டியபின் 20 லிட்டர் நிற்கும். நொதிக்கும் முன் சாற்றின் அடர்த்தி (தண்ணீர் 1 என்றால்) 1.048 பக்கம் வரும், நொதித்து முடிந்தால் ஆல்கஹால் ஏறக்குறைய 5 சதவீதம். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) கசப்புக்கு மட்டும்: சாட்ஸ் என்ற வகை 35 கிராம், முழு ஒரு மணி நேரம் கொதிக்கட்டும். வாசனைக்கென்று கடைசியில் ஹாப்ஸ் போட வேண்டாம், அது மல்லிக்குரிய இடம்.

மல்லிக்கு வருவோம். 50 கிராம் வேண்டவே வேண்டாம்! நான் முதல் முறை 60 கிராம் போட்டு, 20 லிட்டர் ரசம் வைத்தவன். 15 கிராம் போதும், அதையும் வறுக்காமல் ஒன்றிரண்டாகத் தட்டி, அடுப்பை அணைக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது போடுங்கள். இந்த விஷயத்தில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு: பீர் செய்பவர்கள் பலர் தேடி வாங்குவது, நம் மளிகைக் கடையில் விற்கும் நீள்வட்ட இந்திய மல்லியைத்தான், அதில் எலுமிச்சை வாசம் தூக்கல். சூப்பர் மார்க்கெட்டில் குப்பியில் வரும் உருண்டை விதை கொஞ்சம் செலரி மாதிரி அடிக்கும். கூடவே உலர்ந்த கசப்பு ஆரஞ்சுத் தோல் 15 கிராம், கிடைக்காவிட்டால் இரண்டு சாதா ஆரஞ்சின் தோலை வெள்ளைப் பகுதி படாமல் சீவிக்கொள்ளுங்கள். ஏலக்காயைப் பாயசத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஈஸ்ட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பெல்ஜியக் கோதுமை பீருக்கென்றே விற்கும் வயீஸ்ட் 3944 அல்லது வைட் லேப்ஸ் 400, இரண்டில் ஒன்று. 20 டிகிரி பக்கம் வைத்தால் போதும். பாட்டிலில் அடைக்கும்போது மொத்தத்துக்கும் 140 கிராம் சர்க்கரை, அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்குள் குடித்துவிடுங்கள், வைத்திருந்து ருசி கூடும் பீர் இல்லை இது.

கேள்வி (மெல்பர்ன் வாசகர்): கோதுமை அதிகமானால் மேஷ் (வெந்நீரில் ஊறும் தானியக் கலவை) களி மாதிரி இறுகி, வடியவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பதில்: பார்லிக்குத் தோல் உண்டு, அதுதான் அடியில் படுத்து வடிகட்டியாக வேலை செய்கிறது. கோதுமைக்கு அது கிடையாது. பீர் சாமான் கடைகளில் உமி விற்கிறார்கள், ஆமாம், நம் நெல் உமியேதான். 200 கிராம் கழுவி மேஷிலேயே கலந்துவிடுங்கள். அவல் கிடைக்காமல் கோதுமை ரவை போடுகிறீர்கள் என்றால் முதலில் கால் மணி நேரம் கஞ்சியாகக் காய்ச்சிச் சேருங்கள், ஆட்டா மாவை மட்டும் கிட்டேயே கொண்டுவராதீர்கள். வடிக்கும்போது குழாயை முழுக்கத் திறக்காமல் மெதுவாக விடுவதும் முக்கியம். தானியத்தைத் துணிப்பையில் கட்டி ஊற வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, பிழிந்தால் வந்துவிடும்.

கேள்வி (சென்னை வாசகர்): இதை நான் மொட்டை மாடியில் செய்யலாமா?

பதில்: கூடாது. உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், சொந்த உபயோகத்துக்கு என்றாலும்.