பாட்டிலின் பின்பக்கம்: வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தரை துடைக்கும் சமாச்சாரம். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: தரை துடைக்கும் திரவத்தில் இரண்டு பிராண்டுகளை வைத்துக்கொண்டு குழம்புகிறேன். இரண்டுமே 99.9 சதவீதக் கிருமிகளை அழிக்கும் என்கின்றன. ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. எதை வாங்குவது?

பதில்: விலை குறைந்ததை. பதில் அவ்வளவுதான். ஆனால் இந்த 99.9-ஐப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணின் தோளில் பெரும்பாலும் பொடியாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். பாட்டிலைத் திருப்பி அதே குறியைப் பின்பக்கம் தேடுங்கள். 'ஆய்வகச் சோதனையின்படி', 'குறிப்பிட்ட பாக்டீரியாக்கள் மீது', 'தண்ணீர் கலக்காமல் பயன்படுத்தும்போது', '10 நிமிடம் ஊறவிட்டால்' என்று எறும்பு எழுத்தில் ஏதாவது போட்டிருப்பார்கள். நாம் செய்வது என்ன? ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றி, ஈரத்துணியால் இழுத்துவிட்டு, ஃபேனைப் போட்டு இரண்டு நிமிடத்தில் தரையைக் காயவைத்துவிடுகிறோம். அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்பக்கத்து எண் பொறுப்பேற்காது. அதுவும் பெருக்காத தரை என்றால், மருந்தின் வீரியத்தில் பாதி மண்ணோடும் பிசுக்கோடும் மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும்.

கணக்கையும் பாருங்கள். 10 லட்சம் கிருமிகளில் 99.9 சதவீதம் போனால் மிச்சம் 1,000. 99 சதவீதம் போனால் மிச்சம் 10,000. ஆய்வகத்தில் இது பெரிய வித்தியாசம். உங்கள் வீட்டில், வெளியிலிருந்து ஒருவர் செருப்போடு உள்ளே நடந்து வந்த மறுநிமிடம் இரண்டும் ஒன்றுதான். சாதாரண நாட்களில் தரைக்கு வேண்டியது அழுக்கு போவதும், ஈரம் சீக்கிரம் காய்வதும். வெறும் சோப்புத் தண்ணீர்கூடக் கிருமிகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும், கொல்ல வேண்டும் என்பதில்லை. இரண்டு மடங்கு விலையில் பெரும்பங்கு வாசனைக்கும் விளம்பரத்துக்கும். வாசனைதான் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள், கிருமி பேரைச் சொல்லி வாங்காதீர்கள்.

கேள்வி: வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் பொங்குகிறதே, அந்தப் பொங்கலில் கிருமி செத்துவிடும்தானே?

பதில்: சாகாது. ஒன்றை ஒன்று சமன்செய்துகொண்டு கரியமில வாயுவாக வெளியேறுகிறது, மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர். தனித்தனியாகவாவது ஏதோ உபயோகம் உண்டு.

கேள்வி: கழிப்பறைத் தரைக்கு ப்ளீச்சையும் டாய்லெட் ஆசிடையும் சேர்த்து ஊற்றினால் இன்னும் பளிச்சென்று ஆகும் என்கிறார் தெரிந்தவர். செய்யலாமா?

பதில்: கூடாது. குளோரின் வாயு வரும், அது விஷம். ப்ளீச்சோடு அமோனியா கலந்த கிளீனரும் கூடாது. இதைப் பாட்டிலிலேயே எழுதியிருக்கிறார்கள். படிக்க மாட்டோம் என்று சபதம் எடுத்திருக்கிறோமா என்ன?

கேள்வி: ஹாலில் மார்பிள். கறை போகவில்லை என்று ஆசிட் கிளீனர் ஊற்றித் தேய்த்தேன். இப்போது அங்கங்கே மினுமினுப்பு போய் வெளுத்திருக்கிறது. கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் 'மார்பிள், மொசைக் மீது பயன்படுத்தாதீர்' என்ற வரி தெளிவாகத் தெரிகிறது. மார்பிள் என்பது சுண்ணாம்புக் கல்லிலிருந்து உருவான கல், ஆசிட் பட்டால் கரையும். போனது கறை மட்டுமல்ல, கல்லும்தான். பாலிஷ் போடுபவரைக் கூப்பிடுங்கள், செலவு உங்களுடையது. இனி மார்பிளுக்கு அமிலமும் காரமும் இல்லாத மிதமான சோப்பு. வினிகரும் ஆகாது.

கேள்வி: 'எல்லா வகைத் தரைக்கும்' என்ற விளம்பரத்தை நம்பி ஆன்லைனில் ஸ்டீம் மாப் வாங்கினோம். சில வாரங்களில் படுக்கையறையின் லேமினேட் பலகைகள் ஓரங்களில் உப்பிவிட்டன. கேட்டால், கையேட்டில் 'நீர்புகாத தரைக்கு மட்டும்' என்று இருக்கிறதாம், அது எங்கள் தவறாம். அம்மா ஆசைப்பட்டு வாங்கியது, அவர் தன்னையே நொந்துகொள்கிறார்.

பதில்: உங்கள் அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், தவறு அவருடையது அல்ல. கையேடு பெட்டிக்குள் இருக்கிறது, விளம்பரம் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. வெளியே 'எல்லாத் தரைக்கும்' என்று கூவிவிட்டு, பணம் வாங்கிய பிறகு உள்ளே 'சில தரைக்கு மட்டும்' என்பது ஏமாற்றுதான். லேமினேட்டின் உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள் பலகை. இணைப்புகள் வழியே நீராவி புகுந்தால் உப்பும், பிறகு பழைய நிலைக்கு வராது. இது விற்பவருக்குத் தெரியாத ரகசியம் அல்ல.

இன்றைக்கே அந்த விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளைக்கு வாசகத்தை மாற்றிவிடுவார்கள். பில், பெட்டியின் எல்லாப் பக்கங்கள், உப்பிய பலகைகள், எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி படமெடுங்கள். போனில் பேசுவதை நிறுத்திவிட்டு எழுத்தில் கேளுங்கள்: கருவிக்கான பணமும், பலகை மாற்றும் செலவும், இத்தனை நாளுக்குள் பதிலும். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் உடனே கேளுங்கள், அதற்குக் கால வரம்பு இருக்கும். அசையவில்லை என்றால் நுகர்வோர் புகார்தான். கருவியைக் கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அது உங்கள் சாட்சி.

கேள்வி: மிதித்தால் சுழலும் வாளியோடு வருகிற மாப் நல்லதா?

பதில்: நல்லதுதான், உதிரி கிடைக்கும் வரை. நானும் ஒன்று வாங்கினேன். பார்க்க அவ்வளவு லட்சணம். நூல் தலையை மாட்டுகிற பிளாஸ்டிக் தட்டு விரிசல் விட்டதும் கடைக்குப் போனால், அந்த மாடலை நிறுத்தியாகிவிட்டது, புதுத் தட்டு பழைய கம்பியில் பொருந்தாது என்றார்கள். வாளி மட்டும் மொட்டைமாடியில் குப்புறக் கிடக்கிறது. வாங்கும்போதே இரண்டு மாற்றுத் தலைகள் சேர்த்துக் கேளுங்கள். 'அப்புறம் வரும் சார்' என்றால் வாளியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: துடைத்த பிறகும் தரை பிசுபிசுக்கிறது, வெறுங்காலில் நடந்தால் ஒட்டுகிறது. நுரைக்காக கிளீனரோடு சோப்புத்தூளும் சேர்க்கிறேன்.

பதில்: ஒட்டுவது அழுக்கு அல்ல, நீங்கள் ஊற்றியதேதான். அளவு கூடினால் காய்ந்த பிறகு படலமாக நிற்கும், அதில் தூசி வந்து ஒட்டும், நீங்கள் இன்னும் கொஞ்சம் ஊற்றுவீர்கள். லேபிளில் பென்சல்கோனியம் குளோரைடு என்று இருக்கிறதா பாருங்கள். பல கிளீனர்களில் கிருமி கொல்லும் பொருள் அதுதான், சோப்பு சேர்ந்தால் அது செயலிழந்துவிடும். காசு கொடுத்து மருந்து வாங்கி, இன்னொரு காசு கொடுத்து அதைக் கெடுக்கிறீர்கள். ஒரு வாரம் வெறும் வெந்நீரால் துடையுங்கள்.

கேள்வி: பினாயில் பாட்டிலில் 'ஆர்.டபிள்யூ.சி. 5' என்று இருக்கிறது. தரமா, ஐந்து நட்சத்திரமா?

பதில்: நட்சத்திரம் இல்லை. 1903-இல் ரிடீல், வாக்கர் என்ற இருவர் வகுத்த அளவுகோல் அது. சோதனையில் டைபாய்டு பாக்டீரியாவைக் கொல்வதில் கார்பாலிக் அமிலம் என்ற பழைய கிருமிநாசினியைவிட எத்தனை மடங்கு வீரியம் என்று சொல்லும் எண். எண் கூடினால் வீரியம் கூடும். அதிகமாகத் தண்ணீர் கலக்கலாம் என்பதால் சில சமயம் விலை கூடிய பாட்டில்தான் கடைசியில் மலிவு. எண்ணே போடாத பினாயிலை வாங்காதீர்கள், பெரும்பாலும் வெள்ளை நிறமும் வாசனையும்தான் மிஞ்சும். வீட்டில் பூனை இருந்தால் மட்டும் எந்த எண்ணும் வேண்டாம். பினால் வகை வேதிப்பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக வெளியேற்ற முடியாது, அது பாதத்தை நக்கியே உள்ளே கொண்டுபோய்விடும்.

கேள்வி: பெருக்கும் ரோபோவில் அடியில் புற ஊதா விளக்கு உள்ள மாடலுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஓர் இடத்தை ஒரு நொடியில் கடந்துபோகிற விளக்கு பெரிதாக எதையும் கொல்லாது. தூசியின் நிழலில் இருப்பதைத் தொடக்கூடத் தொடாது.

கேள்வி: குழந்தை தவழ ஆரம்பித்திருக்கிறது. தினமும் கிருமிநாசினி போட்டே ஆக வேண்டுமா? வாந்தி, பேதி என்றால் என்ன செய்வது?

பதில்: தினமும் வேண்டாம். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும், கிருமிநாசினியின் மிச்சமும் அங்கேதான் போகும். செருப்பை வாசலில் விடுங்கள், பெருக்கிவிட்டுத் துடையுங்கள், போதும். வாந்தி, பேதி என்றால் கதை வேறு. கையுறை போட்டு முதலில் முழுவதும் வழித்தெடுத்துச் சோப்பால் கழுவுங்கள். அப்புறம் 5 சதவீத ப்ளீச் என்றால் லிட்டர் தண்ணீருக்கு குறைந்தது 20 மில்லி கலந்து, ஐந்து நிமிடமாவது ஈரமாக நிற்கவிட்டுத் தண்ணீரால் துடைத்தெடுங்கள். இது டைல்ஸ் தரைக்கு, மார்பிளுக்கும் மரத்துக்கும் அல்ல. கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். வெயிலிலும் சூட்டிலும் கிடந்த பழைய பாட்டிலை நம்பாதீர்கள்.

கேள்வி: மாப் நாறுகிறது. அதற்கு எந்தத் திரவம் வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். அலசி, பிழிந்து, அழுக்குத் தண்ணீர் வாளியில் நிற்க வைக்காமல் தலைகீழாக வெயிலில் காயவிடுங்கள். அப்படியும் நாறினால் தலையை மாற்றுங்கள்.