கீழக்கரையில் வளரும் பையன் ஐஸ் ஹாக்கியைத் தொழிலாக்கிக்கொள்ள முடியுமா?

கேள்வி: கீழக்கரை எங்கள் ஊர். கணவருக்கு துபாயில் வேலை. 12 வயது மகன் அங்கேதான் வளர்ந்தான், சில வருடங்களாக ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். வரும் கல்வியாண்டில் நானும் பிள்ளைகளும் ஊரோடு வந்துவிடுகிறோம். ‘ஐஸ் ஹாக்கிதான் என் தொழில்’ என்று அவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். ஊரில் இருந்தால் அது நடக்குமா? கனடாவில் இருக்கும் என் தம்பியிடம் அனுப்பிவைக்கலாமா? அதை வைத்துப் பிழைக்க முடியுமா?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிழைப்பு எப்படி என்று தெரிந்தால், மற்ற இரண்டுக்கும் எவ்வளவு செலவு செய்யலாம் என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

உலகத்தின் உச்சி லீக், அமெரிக்க அணிகளும் கனடா அணிகளும் சேர்ந்து ஆடும் என்.ஹெச்.எல். மொத்தம் 32 அணிகள், ஒரு ஆட்டத்துக்கு ஓர் அணியில் 20 பேர். 2025-26 பருவத்தில் அங்கே ஆகக்குறைந்த சம்பளமே 7,75,000 டாலர். இந்தத் தொகையைக் கேட்டுத்தான் எல்லாரும் மயங்குகிறார்கள். ஆனால் ஐஸ் ஹாக்கியில் சம்பாதிக்கிறவர்களில் பெரும்பாலோர் அங்கே இல்லை. அதற்கு அடுத்த படி ஏ.ஹெச்.எல்., அதற்கும் கீழே ஈ.சி.ஹெச்.எல். ஈ.சி.ஹெச்.எல்.லில் வாரச் சம்பளம்தான்; தங்க வீட்டை அணி கொடுக்கும், பருவம் முடிந்தால் கோடைக்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேரும் இளைஞர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் ‘இருவழி’ ஒப்பந்தம். மேல் அணியில் ஆடும் நாளுக்கு ஒரு சம்பளம், கீழே அனுப்பிவிட்டால் அதில் சிறு பங்குதான். இதுபோக வரி, ஏஜென்ட் கமிஷன், லீக் வருமானக் கணக்கு முடியும்வரை பிடித்துவைக்கும் தொகை என்று கழித்துக்கொண்டே போகலாம்.

நம் வம்சாவளியினர் இருவரின் கதையைச் சொல்கிறேன். ராபின் பாவா 1989-ல் என்.ஹெச்.எல்.லில் கால்வைத்தார், இந்திய வம்சாவளியில் அவர்தான் முதல் ஆள். அங்கே ஆடியது மொத்தம் 61 ஆட்டங்கள். மீதிக் காலம் பெரும்பாலும் கீழ்நிலை லீக்குகளில் ஓடியது. மேனி மல்ஹோத்ரா, என்.ஹெச்.எல். அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 1998 தேர்வில் 7-வது ஆளாக எடுக்கப்பட்டு, 900-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். 2011 மார்ச்சில், ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு அவர் கண்ணில் பட்டது. அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு அதே ஜூனில் இறுதிச் சுற்றுக்குத் திரும்பி வந்தார் என்றாலும், கண் பழைய நிலைக்கு வரவில்லை. இருவருமே கனடாவில் பிறந்து பனித்தளத்துப் பக்கத்திலேயே வளர்ந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள்.

சரி, வெயில் ஊரில் இருந்தால் முடியாதா? வெயில் ஒரு பிரச்சினையே இல்லை. 2016 தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஆஸ்டன் மாத்யூஸ் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் வளர்ந்தவர். ஆனால் அங்கே ஒரு என்.ஹெச்.எல். அணியும் உள்ளரங்கப் பனித்தளங்களும் இருந்தன. உங்கள் மகனுக்கு துபாயில் இருப்பதும் கீழக்கரையில் இல்லாததும் அதுதான். தமிழ்நாட்டில் ஹாக்கி ஆடும்படியான முழு அளவுப் பனித்தளம் கிடையாது. 2011-ல் டேராடூனில் கட்டிய அரங்கம் பல வருடம் பூட்டிக் கிடந்து 2025-ல்தான் மறுபடி திறந்தது. லடாக்கில் குளிர்கால மாதங்களில் இயற்கைப் பனி உண்டு; இந்திய அணிக்கு ஆள் பெரும்பாலும் அங்கிருந்துதான். அங்கேயும் பலருக்குச் சோறு போடுவது லடாக் ஸ்கவுட்ஸ், இந்தோ-திபெத் எல்லைக் காவல்படை போன்ற சீருடை வேலை. ஹாக்கிக்கென்று தனிச் சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

வயதுக் கணக்கு இன்னும் கறாரானது. கனடாவின் பெரிய ஜூனியர் லீக்குகள் 15, 16 வயதிலேயே ஆள் எடுக்கின்றன. என்.ஹெச்.எல். தேர்வு 18-ல் தொடங்குகிறது. ஏழு சுற்றில் உலகம் முழுவதிலிருந்தும் வருடத்துக்கு 224 பேர்தான். அதாவது 12 முதல் 16 வரையுள்ள வருடங்கள்தான் முக்கியம், அந்த வருடங்களைத்தான் நீங்கள் பனியில்லாத ஊருக்குக் கொண்டுவரப் போகிறீர்கள்.

அதனால் என் யோசனை: தம்பியிடம் அனுப்ப வேண்டாம். கனடாவில் சிறுவர் அணிகளில் சேர, பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பார்கள். மாமா வீட்டில் விட்டால் ஒவ்வொரு வருடமும் அனுமதிக்கு அலைய வேண்டிவரும். ஜூனியர் லீக்கில் வெளிநாட்டுப் பையன்களுக்கு ஓர் அணியில் இடமும் மிகக் குறைவு. ‘கனடா ஹாக்கி அகாடமியில் சீட் வாங்கித் தருகிறேன்’ என்று ஏஜென்ட் யாராவது வந்தால், வெளிநாட்டில் சம்பாதிக்கும் சபுராளிக் குடும்பங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும், முன்பணம் கொடுக்காதீர்கள்.

பையனுக்கு உண்மையிலேயே தீவிரம் இருந்தால், இரண்டு வருடம் அத்தாவோடு துபாயிலேயே படிக்கட்டும். செலவும் குறைவு, கண்ணெதிரே இருப்பான். அது முடியாது, ஊருக்கு வந்தே ஆகவேண்டும் என்றால், அவனுடைய அமீரக ரெசிடென்ஸ் விசாவையாவது காலாவதி ஆகாமல் காப்பாற்றுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் போய்விடும். மே விடுமுறை, காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை என்று இடைவெளி ஆறு மாதத்தைத் தாண்டாமல் போய்வந்தால் விசாவும் நிற்கும், பனியில் காலும் நிற்கும்.

இடையில் ஊரில் என்ன செய்யலாம்? சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் இன்லைன் ஸ்கேட் வாங்கிக்கொடுங்கள், வழவழப்பான சிமென்ட் தளத்தில் ஓட்டட்டும். கடற்கரை ரோடு வேண்டாம், மணல் பட்டால் பேரிங் போய்விடும். ஸ்டிக் கையாள மொட்டைமாடித் தரையும் ஒரு சின்ன மரப்பந்தும் போதும். கபடி ஆட விடுங்கள். இடுப்பைத் தாழ்த்திப் பக்கவாட்டில் தள்ளி நகர்வதற்கு அதைவிட நல்ல பயிற்சி நம் பக்கத்தில் கிடைக்காது. ஐஸ் ஹாக்கியில் ஒரு முறை களமிறங்கினால் ஏறக்குறைய 45 விநாடிதான், கபடி ரெய்டோ 30 விநாடி. மூச்சுக்கும் அது ஒத்துவரும். புல்தரை ஹாக்கியும் ஆடலாம். ஆனால் அந்த ஸ்டிக்கில் ஒரு பக்கத்தால் மட்டுமே அடிக்க முடியும் என்பதால், மணிக்கட்டுப் பழக்கம் கொஞ்சம் மாறும்.

படிப்பை விடவே கூடாது. இது வழக்கமான அறிவுரை இல்லை, ஆட்டத்துக்கே அது ஒரு வழி. அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியிலிருந்து நிறைய பேர் தொழில்முறைக்குப் போகிறார்கள். முன்பு கனடாவின் பெரிய ஜூனியர் லீக்கில் ஆடியவர்களுக்கு அந்தக் கதவு மூடியிருந்தது, 2025 ஆகஸ்டிலிருந்து திறந்துவிட்டார்கள். மதிப்பெண் இருந்தால்தான் அங்கே நுழையலாம்.

பாஸ்போர்ட் விஷயமும் சொல்லிவிடுகிறேன். இந்திய பாஸ்போர்ட் கையில் இருக்கும்வரை இந்திய அணிக்கு ஆடலாம். பின்னாளில் கனடா குடியுரிமை வாங்கினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

அடிபடுமோ என்ற பயம் நீங்கள் கேட்காவிட்டாலும் இருக்கும். கனடாவில் 13 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் உடலால் மோத அனுமதி இல்லை. அதற்கு மேல் போனால் தலைக்காயம்தான் பெரிய ஆபத்து. கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். 2023-ல் இங்கிலாந்தில் ஆடம் ஜான்சன் என்ற வீரர் ஆட்டத்தின்போது ஸ்கேட் கத்தி கழுத்தில் பட்டு இறந்துபோனார்.

துபாயை விட்டுக் கிளம்பும் முன் பயிற்சியாளரிடம் எழுத்தில் ஒரு மதிப்பீடும், இரண்டு மூன்று முழு ஆட்டங்களின் வீடியோவும் வாங்கி வையுங்கள். பனி ஸ்கேட்டை மொத்தமாக வாங்கி வராதீர்கள், இந்த வயதில் கால் வருடத்துக்கு வருடம் வளரும். நம் கடல்காற்றில் கத்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். நன்றாகத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, ஈரப் பையில் போடாமல் தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள்.