வாசகர் கேள்வி: குற்றமும் தண்டனையும் பாடமாகும்போது

ஒன்பதாம் வகுப்பில் ‘பழங்காலத் தண்டனைகள்’ என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் கழுவேற்றம், யானைக் காலில் இடறுதல் என்று கேட்டு மொய்க்கிறார்கள். விசாரணை, சட்டம் என்று வந்ததும் கவனம் போய்விடுகிறது. என்ன செய்வது?
– ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

தண்டனையை முதலில் வைத்தால் அப்படித்தான் ஆகும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒரே ஒரு வழக்கை எடுத்து, கரும்பலகையில் நான்கு கட்டம் போடுங்கள்: எதைக் குற்றம் என்றார்கள், யார் விசாரித்தார்கள், என்ன சான்று, தண்டனை யார் தலையில் விழுந்தது.

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு இதற்கு நன்றாகப் பொருந்தும். முதலாம் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ சினிமா பார்த்த பிள்ளைகளுக்கு ரவிதாசனைத் தெரியும். அந்த ஆர்வத்தை வீணாக்க வேண்டாம். கல்வெட்டின் பொருளைப் பத்து வரிக்குள் எளிய தமிழில் எழுதிக் கொடுத்து, கட்டங்களை நிரப்பச் சொல்லுங்கள். முதல் கட்டம் உடனே நிரம்பும். இரண்டும் மூன்றும் காலியாகவே நிற்கும். விசாரித்தது யார், சான்று என்ன, ஏன் கொன்றார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. நான்காவது கட்டத்தில்தான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். பறிமுதலானது துரோகிகளின் உடைமை மட்டுமல்ல, உடன்பிறந்தார், பெற்றோர், பிள்ளைகள், உறவினர் உடைமையும்தான். உயிர்த் தண்டனை பற்றி ஒரு சொல்கூட இல்லை. “அண்ணன் செய்ததற்குத் தம்பி ஏன் நிலத்தை இழக்கணும்?” என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியைப் பலகையின் ஓரத்தில் அழிக்காமல் வையுங்கள். பிறப்பை வைத்தே மக்களைக் குற்றவாளிகளாக்கிய வெள்ளையர் காலக் குற்றப்பரம்பரைச் சட்டத்துக்கு வரும்போது அது தேவைப்படும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, காலிக் கட்டத்தைக் கதையால் நிரப்பிவிடுவது. “கல்வெட்டு சொல்லவில்லை” என்று எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். வரலாற்றில் அதுவும் சரியான விடை.

சோழர் காலத்தில் ஆளைக் கொன்றவன் கோயிலுக்கு விளக்கு வைத்தால் போதும் என்று விட்டுவிட்டார்களாமே? மாணவர்கள் சிரிக்கிறார்கள்.
– பட்டதாரி ஆசிரியர், அரியலூர்

எல்லாக் கொலைக்கும் அல்ல, கைத்தவறுக்கு. வேட்டையில் எய்த அம்பு குறி தப்பி ஆள் மேல் பட்டது போன்ற வழக்குகள் பல கல்வெட்டுகளில் உள்ளன. ஊரார் கூடி, இவன் சாக வேண்டியதில்லை, அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்று வைக்கட்டும் என்று முடிவு செய்கிறார்கள்.

அந்த விளக்கு எத்தனை கனமான தண்டம் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் சிரிப்பு அடங்கிவிடும். விளக்கு எரிய நெய் வேண்டும், அதற்காக ஆடு கொடுக்க வேண்டும்: ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு, சில இடங்களில் 90. ‘சாவா மூவாப் பேராடு’ என்பார்கள். செத்ததற்கு ஈடாகக் குட்டிகள் சேர்ந்து எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும். நாளுக்கு ஓர் உழக்கு நெய். இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. ஆண்டுக்கு 365 உழக்கு, அதாவது 11 குறுணி 3 நாழி 1 உழக்கு. பிறகு இரண்டு கேள்வி போதும்: 96 ஆடு இல்லாதவன் என்ன செய்திருப்பான்? செத்தவன் வீட்டுக்கு என்ன கிடைத்தது? இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் கொலை 103ஆம் பிரிவு, அஜாக்கிரதையால் நேரும் மரணம் 106ஆம் பிரிவு என்று தனித்தனியாகவே இருப்பதைக் கூடவே காட்டுங்கள்.

குற்றப்பரம்பரைச் சட்டத்தை நடத்தத் தயக்கமாக இருக்கிறது. அந்தச் சமூகங்களைச் சேர்ந்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.
– ஆசிரியர், மதுரை மாவட்டம்

தயங்குவது சரி, விட்டுவிடுவது சரியல்ல. விட்டுவிட்டால் அந்தப் பிள்ளைகள் அச்சொல்லை வசையாக மட்டுமே கேட்டு வளர்வார்கள்.

எந்தச் சாதியின் பெயரையும் எழுதாதீர்கள், பட்டியலை வாசிக்காதீர்கள், “உங்க வீட்டில் யாராவது?” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். பாடம் அந்தச் சட்டத்தைப் பற்றியது, மக்களைப் பற்றியது அல்ல. ஆகவே சட்டம் எப்படி வேலை செய்தது என்று காட்டுங்கள். அரசு ஒரு கூட்டத்தாரைக் குற்றப்பரம்பரை என்று அறிவிக்கும். அதை எதிர்த்து நீதிமன்றம் போக வழியில்லை. பிறகு பெயர்ப் பதிவு, கைரேகை. மதுரைப் பக்கம் ‘ரேகைச் சட்டம்’ என்ற பெயர் வந்தது அதனால்தான். இரவில் ஆஜர், வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிப் பள்ளியில் வைக்கவும் அரசுக்கு அதிகாரம் இருந்தது. இப்போது அதே நான்கு கட்டம். எது குற்றம்? பிறப்பு. யார் விசாரித்தார்கள்? யாருமில்லை. சான்று? அதுவும் பிறப்பே. பலகை ஓரத்தில் வைத்த தம்பியின் கேள்வியை இங்கே திருப்பிக் கேளுங்கள்.

எதிர்ப்பையும் சொல்லாமல் முடிக்கக் கூடாது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள்.

ஆண்டுகளில்தான் தவறு அதிகம் நேர்கிறது. 1871 சட்டம் முதலில் வட இந்தியாவுக்கானது. சென்னை மாகாணத்துக்கு வந்தது 1911 சட்டம். இங்கே நீக்கப்பட்டது 1947இல், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இல். அத்தோடு எல்லாம் தீர்ந்தது என்று சொல்லிவிடாதீர்கள். 1948லேயே சென்னையில் வழக்கமான குற்றவாளிகளுக்கான சட்டம் என்று இன்னொன்று வந்துவிட்டது. அந்தச் சமூகங்களைக் குறிக்கச் சரியான சொல் ‘சீர்மரபினர்’. போலீஸ், ரேகை வைப்பவர் என்று வேடம் போட்டு நடிக்கவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். பீரியட் முடிந்தாலும் பிள்ளைகள் அந்த வேடத்தை விளையாட்டு மைதானம் வரை கொண்டுபோவார்கள்.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் ஏன் செல்லாது என்று ஒரு மாணவி கேட்டாள். வரலாற்றில் இதற்கு விடை உண்டா?
– ஆசிரியை, சேலம்

உண்டு, அதுவும் நம் மாகாணத்திலேயே. சென்னை மாகாணச் சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855இல் அறிக்கை தந்தது. விரல்களை மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெரிக்கும் கிட்டி, ஆளைக் குனியவைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் இரண்டும் அதில் பதிவாகியுள்ளன. பெயரளவில் சொன்னால் போதும், படம் வேண்டாம். காரணத்துக்கு நேரம் கொடுங்கள்: வரி வசூலிப்பதும் திருடனைப் பிடிப்பதும் ஒரே தாசில்தார் ஆட்களின் வேலையாக இருந்தது. வேறு சான்று தேடும் வழக்கம் இல்லாதபோது வாக்குமூலமே சான்று, அதை வாங்க அடியே வழி. 1859இல் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, போலீசிடம் தந்த வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றது. அதே விதி 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது.

கோவலன் வழக்கை வகுப்பில் நீதிமன்றமாக நடத்த 40 நிமிடம் போதுமா?
– தமிழாசிரியர், தஞ்சாவூர்

போதும், வேடம் கட்டாமல் இருந்தால். 5 நிமிடம் நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லுங்கள். 15 நிமிடம் ஐந்தைந்து பேராகச் சான்று தேடட்டும், 10 நிமிடம் வாதம், 10 நிமிடம் எழுத்து. வாய்த்துடுக்கான நாலு பேரே பேசி முடித்துவிடுவது வழக்கமான சிக்கல். வாதத்துக்கு முன் ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு சான்று எழுதித் தந்தாக வேண்டும். நீங்கள் எடுத்து வாசிக்கும் சீட்டுக்கு மட்டுமே பதில் சொல்லலாம் என்று விதி வையுங்கள். இன்றைய சட்டத்தை வைத்துப் பாண்டியனைத் தண்டிக்கப் புறப்படுவார்கள். கதைக்குள் இருப்பதை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பொற்கொல்லன் சொல் ஒன்றே சான்று. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். கடைசிப் பத்து நிமிடத்துக்கு எழுத்துக் கேள்வி: கொலைக்கு முன்பே அந்தச் சிலம்பை உடைத்துப் பார்க்கச் சொல்ல யாருக்கெல்லாம் அதிகாரம் இருந்தது?