விட்டுவிடு என்கிறார்கள், எதை?

கேள்வி: சத்துணவு மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், வயது 61. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டைத் தம்பி தனக்கே என்று வைத்துக்கொண்டு வாடகையும் வாங்குகிறான். அப்பா உயில் எழுதவில்லை, அம்மாவும் இப்போது இல்லை. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். ‘விட்டுக்கொடுத்துப் போ, பிறந்த வீட்டு உறவு வேண்டாமா’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். காலையில் தியானத்தில் உட்கார்ந்தால் அவன் முகம்தான் வருகிறது. வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டால் மனம் அடங்குமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அடங்காது அம்மா. விட்டுக்கொடு என்று உங்களிடம் சொல்கிறவர்களில் யாராவது ஒருவர் இதைத் தம்பியிடம் போய்ச் சொன்னாரா? நம் ஊரில் பற்றை விடு என்ற உபதேசம் பெரும்பாலும் பெண்களைத் தேடித்தான் வருகிறது, அதுவும் பத்திர ஆபீசில் கையெழுத்து வாங்க வேண்டிய சமயம் பார்த்து. அங்கே எழுதி வாங்குகிற அந்தத் தாளுக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். அதில் கையெழுத்துப் போட்டதாலேயே மனசுக்கு விடுதலை வந்துவிடாது, நிறைய வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். பத்து வருஷம் கழித்தும் அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது நெஞ்சு எரிகிறது என்பார்கள். அப்பாவின் சுய சம்பாத்தியம், உயில் இல்லை என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி மகனுக்கு என்ன பங்கோ அதே பங்கு மகளுக்கும். அதைக் கேட்பது பேராசை இல்லை. நல்ல வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.

சரி, அப்படியானால் எதைத்தான் விடுவது? எனக்கு இதில் ரமண மகரிஷியைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. 1896-இல் மதுரையில், சித்தப்பா வீட்டு மாடியில், 16 வயதுப் பையனை திடீரென்று மரண பயம் பிடித்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. பிணம் மாதிரி கை காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, இந்த உடம்பு செத்துப்போனால் நான் என்பதும் செத்துப்போகுமா என்று உள்ளே பார்த்தார். சில வாரங்களில் வீட்டை விட்டுக் கிளம்பி செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். கிளம்பும்போது எழுதி வைத்த சீட்டைப் படித்திருக்கிறீர்களா? ‘நான்’ என்று ஆரம்பிக்கிறார், இரண்டு வரி தாண்டியதும் தன்னையே ‘இது’ என்கிறார், கடைசியில் கையெழுத்தே கிடையாது. ஆனால் அதே சீட்டில் கணக்கும் இருக்கிறது. அண்ணனுடைய காலேஜ் சம்பளம், அதாவது ஃபீஸ், கட்டக் கொடுத்த 5 ரூபாயில் வழிச்செலவுக்கு 3 ரூபாய் எடுத்துக்கொண்டு, உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை, மீதி 2 ரூபாய் இதோடு இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். ‘நான்’ நழுவிப்போகிற அந்த நேரத்தில்கூட அவர் கணக்கை விடவில்லை என்பது என்னை ரொம்ப யோசிக்க வைத்த விஷயம். பிற்பாடு ஆசிரம நிர்வாகம் பற்றி வழக்கு வந்தபோது கோர்ட் அனுப்பிய கமிஷன் முன்னால் வாக்குமூலம் கொடுத்தார், 1938-இல் உயிலும் எழுதினார். செய்ய வேண்டியது தன்பாட்டுக்கு நடந்தது, அதற்காக உள்ளே சண்டை ஓடவில்லை.

உங்களுக்குள் ஓடுவது அந்தச் சண்டைதான். காலை 5 மணிக்கு தம்பி முகம் வந்தால் துரத்தாதீர்கள், அவனுக்குப் பதிலும் சொல்லாதீர்கள். ரமணர் சொன்ன வழி ரொம்ப எளிமையானது, இந்த நினைப்பு யாருக்கு வருகிறது என்று கேட்க வேண்டும், எனக்கு என்று பதில் வரும், அந்த நான் எங்கிருந்து கிளம்புகிறது என்று அங்கேயே நிற்க வேண்டும். வாயால் ஜபம் மாதிரி சொல்வது அல்ல, திரும்பிப் பார்ப்பது. நீங்கள் அப்படிப் பார்த்தால் அங்கே வீடு இருக்காது என்று நினைக்கிறேன். இடுப்பில் தூக்கி வளர்த்தேனே, அந்த என்னையா இப்படிச் செய்தான் என்கிற ஒருத்தி இருப்பாள். கேள்வியிலேயே அவளைப் பற்றி எழுதிவிட்டீர்கள். தூக்கி வளர்த்தது நிஜம், அதை யாரும் அழிக்க முடியாது. அதற்கு அவன் வாயால் ஒரு அங்கீகாரம் வர வேண்டும் என்று காத்திருக்கிறீர்களே, அதைத்தான் அம்மா கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அழுகை வரும், வரட்டும். அப்புறம் ஒரு நாள் இரண்டு நினைப்புகளுக்கு நடுவில் ஒரு சின்ன இடைவெளி தெரியும், நீங்கள் உண்டாக்கியது இல்லை, தானாகவே இருந்தது. அதில் இருங்கள், அரை நிமிஷமானாலும் போதும்.

ஒன்று மட்டும், இதனால் பல நாளாகத் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் தியானத்தை நம்பிக்கொண்டு இருக்காமல் மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: பத்து நாள் விபாசனா தியான முகாம் போய் வந்தேன். மௌனம், போன் இல்லை, அவ்வளவு நிம்மதி. மூன்று வாரத்தில் மேனேஜரிடம் பழையபடி கத்திவிட்டேன். எல்லாம் வீணா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: வீண் இல்லை தம்பி. முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் பார்த்தீர்கள், நாலாம் நாளிலிருந்து உடம்பில் எழுகிற உணர்ச்சிகளை, அவ்வளவுதானே? முகாமில் சமையலும் சாவியும் வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள், கோபமூட்ட ஆளும் இல்லை. இங்கே ஆள் இருக்கிறார். காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் உட்காரச் சொல்லித்தானே அனுப்பினார்கள், உட்கார்கிறீர்களா? ஷிப்டு வேலையில் முடியாவிட்டால் இருபது நிமிஷமாவது. அந்த முகாமின் நிம்மதி திரும்பி வர வேண்டும் என்று உட்காராதீர்கள், அதையும் பிடித்து வைக்கத்தான் பார்க்கிறீர்கள். கத்தியபோது காது சூடானதா, தாடை இறுகியதா? அடுத்த தடவை அது இறுகும்போதே தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். நாளைக்கு மேனேஜரிடம் போய், அன்றைக்குக் கத்தியது தப்பு என்று சொல்லிவிடுங்கள்.