மாமாவுக்கு ஒரு பில்

அன்புள்ள அண்ணா,

எனக்கு 34 வயது. சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி கம்பெனியில் டெக் லீடாக இருக்கிறேன். மொத்த அனுபவம் 11 வருடம், இந்தக் கம்பெனியில் 4 வருடம் 7 மாதம். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். மாமா ஆறு லாரி வைத்துத் தொழில் செய்கிறார். அவருடைய நடைக் கணக்குக்காக, அதாவது லாரி போய்வரும் ஒவ்வொரு பயணத்தின் வரவு செலவுக்காக, ஒரு ஆப் எழுத ஆரம்பித்தேன். எட்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்ததில் அது முழு சாஃப்ட்வேராகவே வளர்ந்துவிட்டது. மாமா பயன்படுத்துகிறார். நன்றாக இருக்கிறது என்கிறார்.

வேலையில் மனம் ஒட்டவில்லை. கிரிஷ் மாத்ருபூதம் ஒரு டிவி உடைந்ததிலிருந்து ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்கிற சாஃப்ட்வேர் கம்பெனியை ஆரம்பித்தார் என்று படிக்கும்போதெல்லாம் நாம் ஏன் இன்னும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றுகிறது. கையில் 14 லட்சம் இருக்கிறது. வீட்டுக் கடன் தவணை மாதம் 38,000. மனைவி தனியார் பள்ளியில் டீச்சர், 22,000 சம்பளம். மகள் யுகேஜி. அப்பாவுக்குச் சர்க்கரை. மனைவியிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

வேலையை விட்டுவிடலாமா? நீங்களும் இந்த வழியில் வந்தவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

(கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

அன்புள்ள எஸ்.,

நான் வெட்டியதில் பெரும்பகுதி உங்கள் மேனேஜரைப் பற்றியது. அப்ரைசலில் அவர் சொன்னது, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவர் அனுப்பும் ‘சின்ன சேஞ்ச்’, காலை ஸ்டாண்டப்பில் அவர் கேட்கும் கேள்விகள் என்று மூன்று பக்கம் போகிறது. எனக்கே அந்த மனிதர் மேல் கோபம் வந்துவிட்டது. லாரி ஓனர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று அப்புறம் தேடிப் பார்த்தேன். ‘மாமா பயன்படுத்துகிறார். நன்றாக இருக்கிறது என்கிறார்.’ அவ்வளவுதான் இருந்தது.

இந்த மேனேஜரிடமிருந்து தப்பிக்க வேண்டும் என்றால் அதற்கு வேறு கம்பெனி போதும். 11 வருட அனுபவத்துக்கு எங்கேயாவது கிடைக்கும். அந்த மேனேஜர் நாளைக்கே மாற்றலாகிப் போய், தங்கமான ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தாலும் இந்த லாரிக் கணக்கை விட மனசு வருமா? வராது என்றால் மேலே படியுங்கள்.

டிவி கதையை எல்லாரும் சொல்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து சென்னைக்குச் சாமான்களோடு வந்த டிவி உடைந்துபோனது. இன்சூரன்ஸ் பணத்துக்காக கிரிஷ் மாதக்கணக்கில் அலைந்தார். நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதிப் போட்டதும் மன்னிப்பும் பணமும் தானாக வந்தன. கதை ருசியான கதை, உண்மையும்கூட. ஆனால் அதற்கு முன்னால் அவர் ஜோஹோவில் பல வருடம் வேலை பார்த்ததையும், அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவில், புகார்களைப் பதிந்து கவனிக்க உதவும் ஹெல்ப்டெஸ்க் சாஃப்ட்வேரைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார் என்பதையும் யாரும் சொல்வதில்லை. அந்தச் சாஃப்ட்வேரை யார் வாங்குகிறார்கள், என்ன விலைக்கு முகம் சுளிக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. 2010-ல் அதே மாதிரி சாஃப்ட்வேர் விற்ற ஜென்டெஸ்க் கம்பெனி விலையை ஏற்றி அதன் வாடிக்கையாளர்கள் பொதுவில் புலம்பியபோது, அந்தப் புலம்பலுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் வீட்டு டிவியும்தான் உடைகிறது. 2010-லேயே சக ஊழியர் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து கம்பெனியைத் தொடங்கினார். முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தார். அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பங்கு வெளியானது 2021 செப்டம்பரில். நடுவில் பதினோரு வருடம்.

ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்புவையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பழைய பெயரில் அந்தக் கம்பெனியை ஆரம்பித்தபோது அவர்கள் விற்றது டெலிகாம் கருவி செய்யும் கம்பெனிகளுக்கான நெட்வொர்க் மேலாண்மை சாஃப்ட்வேர். 2001 வாக்கில் அந்தத் துறையே படுத்துவிட்டது. மேனேஜ்எஞ்சினும் ஜோஹோவும் அந்த அடிக்குப் பிறகு வந்தவைதான். உங்கள் நடைக் கணக்கும் வேறு எதுவாகவோ மாறலாம். எதுவாக மாற வேண்டும் என்பது உங்கள் லேப்டாப்பில் தெரியாது, ஓனரின் மேஜையில்தான் தெரியும்.

எனக்கு அது தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். 2012-ல் வேலையை விட்டேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதி வைத்திருந்தேன். கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை எந்த லாட், அதாவது எந்தத் துணித் தொகுதி, எங்கே நிற்கிறது என்று கலர் கலராகக் காட்டும். ஒன்பது மாதம் ஒன்றுகூட விற்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். ‘விலை இவ்வளவு, எப்போது தருகிறீர்கள்’ என்று கேட்க எனக்கு நாக்கே எழவில்லை. யோசித்துப் பாருங்கள், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாதம் முடிந்தால் அக்கவுண்டில் பணம் விழும். பணம் கொடுங்கள் என்று ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து அதுவரை ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை. 64 பேர் வேலை செய்யும் ஒரு பவர்டேபிள் யூனிட், அதாவது தையல் யூனிட். சனிக்கிழமை என்றால் அங்கே வாரச் சம்பள நாள். ஓனர் மேஜையில் பழுப்புக் கவர்களை அடுக்கி, ஷிப்ட் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு கவரிலும் பென்சிலால் தொகை எழுதிக்கொண்டிருந்தார். இவருக்கு ஒன்றரை ஷிப்ட், அவருக்கு அரை ஷிப்ட் லீவு, இன்னொருவருக்கு அட்வான்ஸ் பிடித்தம். நான் லேப்டாப்பைத் திறந்து கலர் காட்டினேன். அவர் நிமிரவே இல்லை. ஒரு கவரை என் பக்கம் தள்ளினார். 2,385 ரூபாய் என்று இருந்தது.

“தம்பி, இதுக்கு நாலு ஐநூறு, மூணு நூறு, ஒரு அம்பது, மூணு பத்து, ஒரு அஞ்சு. ஆயிரம் ரூவா நோட்டக் குடுத்தா சில்லறை கிடைக்காதுன்னு எவனும் வாங்கமாட்டான். 64 கவருக்கும் சேத்து பேங்கில எத்தனை ஐநூறு, எத்தனை நூறுன்னு எழுதிக் குடுக்கோணும். வாராவாரம் இதுலயே ரெண்டு மணி நேரம் போகுது. உங்க கம்ப்யூட்டர் இதச் சொல்லுமா?”

சொல்லாது. அன்று ராத்திரி எழுதினேன். முப்பது வரி புரோகிராம்தான், முதலாமாண்டு மாணவன் எழுதிவிடுவான். அடுத்த சனிக்கிழமை அந்தச் சீட்டை பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவர் கூட்டிப் பார்த்தார், மறுபடி கூட்டிப் பார்த்தார், டிராயரைத் திறந்து 6,000 ரூபாயை எண்ணி மேஜையில் வைத்தார். அந்த ஓனர் சொல்லி அதே தெருவில் இன்னும் மூன்று யூனிட் வந்தது. லாட் எங்கே நிற்கிறது என்கிற கலர்த் திரையை முதல் வருடம் முழுக்க ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. எட்டு மாதம் உழைத்து எழுதியது அதுதான்.

உங்கள் மாமா விஷயத்துக்கு வருகிறேன். அவர் ‘நல்லா இருக்குது மாப்ள’ என்று சொன்னது சாஃப்ட்வேரைப் பார்த்தா, அக்கா மகன் முகத்தைப் பார்த்தா? இதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். ஒரு லாரிக்கு மாதம் 500 என்று வைத்து ஆறு லாரிக்கு 3,000 ரூபாய்க்கு மாமாவிடம் பில் கொடுங்கள். கேட்க உங்களுக்குக் கூசும், அவருக்கும் சங்கடமாக இருக்கும். மாமாவிடமே கேட்க முடியாதென்றால் சங்ககிரியில் முன்பின் தெரியாத ஓனரிடம் எப்படிக் கேட்பீர்கள்?

அப்புறம், நடை முடிந்து வண்டி ஊருக்குத் திரும்பும் நாளில் அங்கே போய் உட்காருங்கள். டிரைவர் கசங்கிய டீசல் பில், டயர் பஞ்சர் சீட்டு, படி கணக்கு எல்லாவற்றையும் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைப்பார். டோலுக்கு ஃபாஸ்டாக் வந்துவிட்டது, அதில் சண்டை குறைவு. சீட்டே இல்லாத செலவு ஒன்று வரும். ஓனர் கேள்வி கேட்காமல் ‘வழிச்செலவு’ என்று எழுதிக்கொள்வார். உங்கள் ஆப்பில் அந்த வரிக்கு இடம் இருக்கிறதா? டிரைவருக்கும் ஓனருக்கும் எந்த வரியில் குரல் உயர்கிறது என்று கவனியுங்கள். உங்களுக்குப் பணம் வரப்போவது அங்கிருந்துதான்.

சரி, கணக்கு. வீட்டுச் செலவு 45,000 என்று வைத்துக்கொள்கிறேன். தவணையோடு 83,000. மனைவியின் சம்பளம் போக மாதம் 61,000 துண்டு விழும். 14 லட்சத்தில் 3 லட்சத்தை ஆஸ்பத்திரி, அவசரம் என்று தொடாமல் ஒதுக்கிவிட்டால் மீதி 11 லட்சம் 18 மாதம் தாங்கும். அதற்குள் மாதம் 61,000 வர வேண்டுமென்றால் மாமா மாதிரி ஆறு லாரி ஓனர்கள் 21 பேர் வேண்டும். சர்வர் செலவு, பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் 25 பேர் என்று வையுங்கள். 25 பேர் கிடைக்காத ஊர் இல்லை நாமக்கல். ஆனால் அதில் முதல் ஐந்து பேரை வேலையில் இருந்துகொண்டே, சனி ஞாயிறு பஸ் ஏறிப் போய்ப் பிடியுங்கள். ஐந்து பேர் மூன்று மாதம் தொடர்ந்து பணம் கட்டிய பிறகு என்னிடம் கேட்டால், விடுங்கள் என்று சொல்வேன். இப்போது கேட்டால் சொல்லமாட்டேன்.

கம்பெனியில் ஐந்து வருடம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? ஐந்து வருடம் முடித்தால் கிராஜுவிட்டி உண்டு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம். அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் சுமார் 1,44,000 ரூபாய் வரும். இரண்டு மாதத்துக்கு மேல் குடும்பத்தை ஓட்டும் பணம். நோட்டீஸ் காலமும் சர்வீஸில் சேரும்தான், ஆனால் முன்கூட்டியே ரிலீவ் பண்ணிவிட்டால் போச்சு. ஐந்து வருடத்தைத் தொட்டும் தொடாமலும் கணக்குப் போடாதீர்கள்.

அப்பாவின் சர்க்கரைக்கு இப்போது கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கும். கடைசி நாளோடு அது முடிந்துவிடும். புதிதாக பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே ஹெச்.ஆரிடம் கேட்டுவிடுங்கள். கிரெடிட் கார்டு வேண்டுமென்றாலும் இப்போதே வாங்கிவிடுங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவனை பேங்க் பார்க்கும் பார்வையே வேறு.

ஆப்பை எந்த லேப்டாப்பில் எழுதினீர்கள் என்று சொல்லவில்லை. கம்பெனி லேப்டாப் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். வேலையின் பகுதியாக எழுதியதன் உரிமை முதலாளிக்கு என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டம். லாரிக் கணக்கு உங்கள் வேலையின் பகுதி இல்லைதான், ஆனால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இதைவிட அகலமாக எழுதியிருப்பார்கள். எடுத்துப் படியுங்கள், புரியாவிட்டால் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். வேலையை விட்ட பிறகு போட்டித் தொழில் செய்யக்கூடாது என்கிற வரியைப் பார்த்து ரொம்பப் பயப்பட வேண்டாம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின் முன்னால் அது பெரும்பாலும் நிற்பதில்லை. வேலையில் இருக்கும்போதே வெளியில் காசு வாங்குவது வேறு விஷயம். அதற்கு அனுமதி தேவையா என்று பார்த்து, தேவையென்றால் எழுத்தில் வாங்கிவிட்டு மாமாவிடம் போங்கள்.

பிரைவேட் லிமிடெட், லோகோ, விசிட்டிங் கார்டு எதுவும் இப்போது வேண்டாம். உங்கள் பெயரிலேயே நடத்துங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்தப் பதிவு இருந்தால் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி என்று சட்டம் இருக்கிறது. முதல் வாடிக்கையாளரிடம் போய் அந்தச் சட்டத்தைப் பேசினால் இரண்டாவது வாடிக்கையாளர் இருக்கமாட்டார். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மனைவியிடம் முழுதாகச் சொல்லவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்தியது. 18 மாதத்துக்கு அந்த 22,000-தான் உங்கள் வீட்டின் ஒரே நிச்சய வருமானம். அப்படியென்றால் இந்தத் தொழிலின் முதல் முதலீட்டாளர் அவர்தான், அவருக்கே விஷயம் தெரியாது! நான் என் வீட்டில் சொன்னது ராஜினாமா கொடுத்த அன்று சாயங்காலம். அவள் சண்டை போடவில்லை. “எத்தனை மாசம்?” என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்த ஒன்பது மாதமும் வீட்டில் பேச்சு குறைந்ததற்கு பணக் கஷ்டத்தைவிட அந்தச் சாயங்காலம்தான் காரணம் என்று எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது. உங்களிடம் 18 என்று ஒரு பதில் இருக்கிறது. மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள். வீட்டுச் செலவு 45,000 என்று நான் போட்டது தப்பென்றால் முதலில் சொல்லப்போவதும் அவர்தான்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த 3,000 ரூபாய் பில்லை எடுத்துப் போங்கள். மாமா என்ன சொன்னார் என்று எழுதுங்கள். ‘போடா, மாமன்கிட்டயே பில்லா?’ என்று திட்டிவிட்டு காசு கொடுத்தாரா, திட்டாமல் சிரித்துக்கொண்டே அடுத்த மாசம் பார்க்கலாம் என்றாரா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்